கைப்பேசிக்குள் நடக்கும் வதை

கைப்பேசி, சமூக ஊடகம், இணைய விளையாட்டு ஆகியவற்றின் வழியாக ஒருவரைத் திரும்பத் திரும்ப இழிவுபடுத்துவது, மிரட்டுவது, ஒதுக்கிவைப்பது எல்லாம் இணையவழித் துன்புறுத்தல். பள்ளிப் பிள்ளைகளின் பேச்சில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. ‘கலாய்ச்சாங்க’, ‘ஓட்டினாங்க’, ‘வச்சு செஞ்சாங்க’ என்ற சொற்களே எல்லாவற்றுக்கும் புழங்குகின்றன. நண்பனின் புது முடிவெட்டைப் பார்த்துச் சிரிப்பதும் கலாய்ப்புதான். வகுப்பு மாணவியின் முகத்தை வெட்டி வேறொரு உடலில் ஒட்டி அனுப்புவதும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இப்படி ஒரே சொல் இரண்டையும் மூடிக்கொள்வதால், விளையாட்டு எங்கே முடிந்து வதை எங்கே தொடங்குகிறது என்பது பிள்ளைகளுக்கும் பிடிபடுவதில்லை, பெற்றோருக்கும் பிடிபடுவதில்லை.

அந்தக் கோட்டைப் போட முயன்றவர்களில் முதன்மையானவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஆல்வியஸ். பள்ளிகளில் பிள்ளைகள் பிள்ளைகளையே வதைப்பதை 1970-களிலிருந்து முறைப்படி ஆராய்ந்தவர் அவர். வதைக்கு மூன்று அடையாளங்களை அவர் சொன்னார். நோகடிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். கைப்பேசி வந்த பிறகு மூன்றில் இரண்டு உருமாறிவிட்டன. ஒருவன் ஒரே ஒரு முறை படத்தைப் போட்டால் போதும். திரும்பச் செய்யும் வேலையை மற்றவர்களின் விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. பலம் என்பதும் உடல்பலமாக இருக்க வேண்டியதில்லை. யாரிடம் படம் இருக்கிறதோ, யார் குரூப் அட்மினோ, யார் ஃபேக் ஐடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாரோ அவரே பலசாலி. வகுப்பில் வாயே திறக்காத ஒரு நோஞ்சான் பையன் இரவு பதினொரு மணிக்கு மொத்த வகுப்பையும் ஆட்டிவைக்க முடியும்.

இந்த வதை ஓர் ஊரில் எப்படி வேர்விடுகிறது என்று பார்ப்போம். சென்னை சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக வடக்கே ஓடும் புறநகர் ரயில் பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னே இருக்கிறது கும்மிடிப்பூண்டி. இரும்பு உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த சிப்காட் வளாகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலையில் உள்ளூர்த் தமிழர், தெலுங்கு பேசும் குடும்பங்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் என்று பலரும் அருகருகே வாழ்கிறார்கள். இத்தனை வகைப் பிள்ளைகள் கலந்து வளர்வது ஒரு கொடை. வதைக்கத் தேடுபவர்களுக்கோ அதுவே சொற்களை எடுத்துக் கொடுக்கிறது. ‘வடக்கன்’, ‘அகதி’ என்பவை ஊர்த் தெருவில் ஒருமுறை காதில் விழுந்து மறையும் சொற்கள். ஒரு ரீல்ஸின் கீழே பின்னூட்டமாக வந்தால் அழியாமல் நிற்கும் சொற்கள். இலங்கைத் தமிழர் முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று தமிழ்நாடு அரசு 2021-ல் மாற்றியது, பழைய சொல் எவ்வளவு குத்தும் என்பதை உணர்ந்துதான். நிறமும் சாதியும் உடல்பருமனும் எல்லா ஊருக்கும் பொது. இணையத்தில் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பொய் பரவினால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச் மாதம் தமிழ்நாடே பார்த்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் சுற்றின. தொழிற்பேட்டைகளில் அச்சம் பரவியது. வளர்ந்தவர்களையே குலைத்துப்போட்ட அந்தக் கருவிதான் பதிமூன்று வயதுப் பிள்ளையின் பாக்கெட்டிலும் இருக்கிறது.

அந்தக் கருவி பிள்ளைகளின் கைக்கு வந்த வேகத்துக்குக் காரணம் கொரோனா. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் 2021 தொடக்கத்தில் உயர்வகுப்புகள் சில வாரங்கள் திறந்ததை விட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 2021 செப்டம்பரிலும், அதற்குக் கீழே இருப்பவர்கள் நவம்பரிலும்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் பாடம் வாட்ஸ்அப் குழுவாக மாறியது. கடன் வாங்கியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்காத வீடு குறைவு. அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார், அம்மா கம்பெனி பஸ்ஸில் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார் என்ற நிலையில், போனும் பிள்ளையும் மட்டும் வீட்டில் இருந்தன. பள்ளி திறந்த பிறகும் வகுப்புக் குழு கலையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஆசிரியர் இல்லாத இரண்டாவது குழு ஒன்று முளைத்தது. பெரும்பாலான வதை அந்த இரண்டாவது குழுவில்தான் நடக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், இந்தியாவில் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான இணையக் குற்றங்கள் 2019-ல் 164, 2020-ல் 842, 2022-ல் 1,823. 2020-ன் 842 வழக்குகளில் 738 வழக்குகள் குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களையும் காணொளிகளையும் வெளியிட்டது அல்லது அனுப்பியது தொடர்பானவை. இவை காவல் நிலையத்தின் படியேறிய வழக்குகள் மட்டும். கேலியும் ஒதுக்கலும் மிரட்டலும் பெரும்பாலும் இந்த எண்களுக்குள் வருவதில்லை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கனடாவிலுமாக 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வை உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024-ல் வெளியிட்டது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இணையத்தில் வதைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்.

எண்களை விட்டு ஒரு படத்துக்கு அருகே போய்ப் பார்த்தால் இதன் இயக்கம் நன்றாகப் புரியும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பள்ளி ஆண்டு விழாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ எடுத்த படம். கண் பாதி மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்புலத்தை நீக்கி, முகத்தை மட்டும் வெட்டி, மேலே ஒரு பட்டப்பெயரை எழுதி வாட்ஸ்அப் ஸ்டிக்கராக ஆக்க இரண்டு நிமிடம் போதும். செய்தவனுக்கு அதோடு வேலை முடிந்தது. நாற்பது பேர் கொண்ட குழுவில் அந்த ஸ்டிக்கர் பிறகு ஒரு சொல்லைப் போலப் பயன்பட ஆரம்பிக்கிறது. கணக்குப் பாடத்தில் எத்தனையாவது பயிற்சி என்று ஒருவன் கேட்டால் பதிலாக அந்த முகம். நாளைக்கு மழை விடுமுறையா என்று கேட்டால் அந்த முகம். காலை வணக்கத்துக்கும் அதே முகம். அனுப்புகிறவர்களில் பலருக்கு அவள்மீது எந்தப் பகையும் கிடையாது. அவளோ ஒவ்வொரு முறையும் தன் முகத்தையே பார்க்கிறாள். குழுவை விட்டு வெளியேறினால், ‘ஜோக்கைக்கூட தாங்க மாட்டியா’ என்று தனிச்செய்தி வரும். போட்டவனே மனம் மாறி ‘எல்லோருக்கும் அழி’ என்று நீக்கினாலும், தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களிடம் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அது ‘பி’ பிரிவுக்குப் போகும். அங்கிருந்து டியூஷன் குழுவுக்குப் போகும்.

பள்ளிக்கூட வாசலில் நடக்கும் கேலிக்கு ஒரு முடிவு நேரம் உண்டு. நாலேகால் மணிக்கு மணியடிக்கும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும், கதவு சாத்தப்படும். கைப்பேசி வழியாக வரும் வதைக்கு அந்தக் கதவு கிடையாது. சாப்பிடும்போது, படிக்கும்போது, படுக்கையில் என எல்லா இடத்துக்கும் அது கூடவே வருகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிட வழியில்லாததால் பிள்ளையின் மனம் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரிக்கும் முன்பின் தெரியாத ஒருவர்கூடத் தன் படத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தோன்றும்.

ஒதுக்கப்படுவது ஏன் இவ்வளவு நோகிறது என்ற கேள்விக்கு ஒரு தட்டு விளையாட்டிலிருந்து விடை தேடத் தொடங்கினார் அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ். பூங்காவில் அவர் அமர்ந்திருந்தபோது, இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் அருகே வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்களும் அவருக்கு எறிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். யார் என்றே தெரியாத இருவர் தன்னை விட்டுவிட்டது அவருக்கு எதிர்பாராத வலியைத் தந்தது. அந்த அனுபவத்தைக் கணினி விளையாட்டாக்கினார். ‘சைபர்பால்’ என்பது பெயர். திரையில் மூன்று பேர் பந்து எறிகிறார்கள். சில சுற்றுக்குப் பிறகு ஆய்வுக்கு வந்தவருக்கு மட்டும் பந்து வருவதில்லை. ஐந்து நிமிடத்துக்குள் மனநிலை சரிகிறது; தன்மதிப்பும், நாமும் இவர்களில் ஒருவர் என்ற உணர்வும் குறைகின்றன. எதிரே விளையாடுவது மனிதர்களே அல்ல, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்திய 2004-ஆம் ஆண்டுச் சோதனையிலும் அதே வலி பதிவானது. ‘சும்மா போன்லதானே’ என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஏன் பிள்ளையிடம் எடுபடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய குழுவினரும் இதே விளையாட்டை மூளை ஸ்கேன் கருவிக்குள் நடத்தி, 2003-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒதுக்கப்பட்ட நேரத்தில் மூளையின் முன்புற சிங்குலேட் புறணி கிளர்ந்தது. உடல்வலியின் துயரத்தை உணரும்போதும் கிளர்ச்சியடையும் பகுதி அது. இரண்டு வலியும் ஒன்றேதான் என்று அந்த ஆய்வை வைத்து அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரே பகுதிக்குள்ளேயே இரண்டுக்கும் வெவ்வேறு நரம்புக் கோலங்கள் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒதுக்கப்படுவதை மூளை ஓர் ஆபத்தாகவே பதிவு செய்கிறது என்பதில் ஐயம் இல்லை. கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் உயிர்பிழைக்க முடியாத காலத்தில் உருவான மூளை அது.

பதின்பருவத்தில் இந்த ஆபத்து மணி இன்னும் உரக்க ஒலிக்கிறது. லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சைபர்பாலில் ஒதுக்கப்பட்ட பதின்பருவச் சிறுமிகளின் மனநிலை வளர்ந்த பெண்களின் மனநிலையைவிட அதிகமாகச் சரிந்தது. காரணம் வளர்ச்சியின் வரிசையில் இருக்கிறது. உணர்ச்சியையும் பரிசையும் அச்சத்தையும் கையாளும் உள்மூளைப் பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே வேகம் பிடித்துவிடுகின்றன. பொறுத்துப் பார், யோசித்துச் செய் என்று கட்டுப்படுத்தும் முன்மூளைப் புறணி முழுதாக முதிர இருபது வயதின் நடுப்பகுதி ஆகிறது. அந்த இடைவெளியில் வாழும் பிள்ளைக்கு, நண்பர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே உலகம். நாற்பது வயதில் ஒரு குழுவிலிருந்து நீக்கப்பட்டால் எரிச்சல் வரும். பதினான்கு வயதில் நீக்கப்பட்டால் தான் யார் என்ற கேள்வியே ஆட்டம் காணும்.

மனதில் தொடங்குவது உடலுக்கு இறங்க அதிக நாள் ஆவதில்லை. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை வெளியிடுகின்றன. நாய் துரத்தும்போது ஓட உதவும் ஹார்மோன் அது. நாய் போனதும் அளவு குறைய வேண்டும். போன் அதிரும் ஒவ்வொரு முறையும் நாய் திரும்பி வந்தால் குறைவதற்கு நேரமே கிடைப்பதில்லை. பசி மந்தமாகிறது, தலை வலிக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. திங்கள்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும் வயிற்றுவலியை நடிப்பு என்று தள்ளிவிடும் வீடுகள் பல. அந்த வலி உண்மையானது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாக நேரடித் தொடர்பு உண்டு. அச்சம் அங்கேயும் தெரிகிறது.

தூக்கம் கெடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதின்பருவத்தில் உறக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு இயல்பாகவே தாமதமாகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு இரவு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவைப்பட்டும், உறக்கம் தாமதமாகத்தான் வரும். வதைக்கு ஆளாகும் பிள்ளை இதோடு நள்ளிரவு வரை விழித்திருக்கிறது, தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க. பார்க்காமல் இருந்தால் பயம், பார்த்தால் வலி. தலையணைக்கு அடியில் வைத்த போனை இரவில் பலமுறை எடுத்துப் பார்க்கும் பிள்ளையைப் போனுக்கு அடிமை என்று வீட்டார் திட்டுவார்கள். அங்கே நடப்பது காவல் காக்கும் வேலை. விளைவு மறுநாள் வகுப்பறையில் தெரியும். தூக்கத்தில்தான் அன்றைய பாடம் நினைவில் படிகிறது. தூக்கம் இல்லாத மூளையில் பாடம் ஒட்டாது. மதிப்பெண் சரியும், ஆசிரியர் கண்டிப்பார், வீட்டில் ஏச்சு விழும். வதைக்கு மேல் வதை என்று இப்படித்தான் அடுக்கு ஏறுகிறது. யுனிசெஃப் 30 நாடுகளின் இளையோரிடம் கருத்துக் கேட்டு 2019-ல் வெளியிட்ட முடிவில், ஐந்து பேரில் ஒருவர் இணைய வதையும் வன்முறையும் காரணமாகப் பள்ளிக்கு மட்டம் போட்டதாகச் சொன்னார்.

இவற்றின் நீட்சியாகவே மனச்சோர்வும் பதற்றமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் வருகின்றன. 25 வயதுக்குட்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளிவந்த பகுப்பாய்வு, இணைய வதைக்கு ஆளானவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்ளவோ தற்கொலைக்கு முயலவோ உள்ள வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றது. வதைப்பவர்களிடமும் தற்கொலை எண்ணம் கூடுதலாகவே காணப்பட்டது. இதைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைதான் எளிதில் இலக்காகிறது என்பதும் உண்மை, இலக்கானதால் சோர்வு கூடுகிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதினரிடம் நடந்து 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு, இணையத்தில் மட்டும் வதைக்கு ஆளாகும் பிள்ளைகள் மிகக் குறைவு என்று கண்டது. பெரும்பாலும் வகுப்பறையில் தொடங்கியதே போனுக்குள் தொடர்கிறது. ஸ்டிக்கர் செய்தவன் முகம் தெரியாத அயலான் இல்லை. அதே பெஞ்ச் வரிசையில் உட்காருபவன்.

பள்ளி வயதைத் தாண்டினாலும் இதே ஆபத்து தொடரும் என்பதற்குச் சேலம் மாவட்டத்தில் 2016 ஜூன் மாதம் நடந்தது ஆறாத சான்று. 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தோடு இணைத்து யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் காவல்துறையிடம் போனது. நடவடிக்கை தாமதமானது. அதற்குள் இரண்டாவது படம் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அவர் எழுதி வைத்ததில் இருந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். படத்தைப் போட்டவன் பிடிபட்டான். தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை அவனைக் கண்டுபிடிப்பது முடியாத காரியமாக இருந்ததே இல்லை. தவறியது நேரமும் நம்பிக்கையும்.

இணைய வதையின் சேதத்தில் பெரும்பங்கு அந்த இடத்தில்தான் நிகழ்கிறது: சொல்ல முடியாத இடத்தில். ஆசிரியர் கையால் அடித்தால் வீட்டில் சொல்லும் பிள்ளை, வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலைச் சொல்வதில்லை. சொன்னால் முதலில் போன் பறிபோகும் என்று அதற்குத் தெரியும். போன் போனால் நண்பர்களும் போவார்கள். ஆக, தண்டனை பட்டவருக்கே. பெண்பிள்ளைக்கு விலை இன்னும் கூடுதல். ‘உன் போட்டோ அவன்கிட்ட எப்படிப் போச்சு’ என்ற ஒரே கேள்வியில் அவள் குற்றவாளி ஆகிவிடுகிறாள். படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்துவிடுவார்களோ, மாப்பிள்ளை பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு வெறும் கற்பனை இல்லை. அக்கம்பக்கத்தில் அவள் பார்த்தது. ஷிப்ட் மாறி மாறி வரும் வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஒருசேர விழித்திருக்கும் நேரமே குறைவு. களைத்து வந்தவர்களிடம் இதையும் போய்ச் சொல்வதா என்று பிள்ளையே தனக்குள் முடிவு செய்துகொள்ளும். வெளிமாநிலத் தொழிலாளியின் மகனுக்கு மொழியும் சேர்ந்து தடை. பொள்ளாச்சியில் 2019-ல் வெளிவந்த வழக்கில், காணொளியைக் காட்டி மிரட்டியே இளம்பெண்களை வாயடைக்க வைத்திருந்தார்கள். அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் 2025 மே மாதம் வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. ஒருவர் துணிந்து புகார் தந்த பிறகே அந்தப் பூட்டு உடைந்தது.

வதைப்பவர் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. நேரில் ஒருவரைத் திட்டும்போது அவர் கண் கலங்குவது தெரியும். அதைப் பார்த்ததும் பெரும்பாலோருக்குக் குரல் இறங்கிவிடும். திரையில் அந்தக் கண் இல்லை. முகம் காணாமையும் பெயர் மறைவும் மனிதரின் கூச்சத்தைக் கழற்றிவிடுவதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் விரிவாக விளக்கினார். செய்வதைச் சிறிதாக்கிச் சொல்லி மனச்சாட்சியைத் தூங்கவைக்கும் பழக்கத்தை ஆல்பர்ட் பந்தூரா ஆராய்ந்தார். ‘சும்மா கலாய்ச்சேன்’ என்பது அந்தத் தாலாட்டு. பகலில் வதைக்கு ஆளாகி இரவில் இன்னொருவரை வதைக்கும் பிள்ளைகளும் உண்டு. எல்லாரிலும் மனநலம் அதிகம் கெட்டிருப்பவர்கள் இந்த இரட்டை நிலையில் இருப்பவர்களே.

நாற்பது பேர் குழுவில் வதைப்பவனும் வதைபடுபவளும் போக மீதமுள்ள முப்பத்தெட்டு பேர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வதையின் ஆயுள் இருக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி 2009 முதல் அந்நாடெங்கும் பரவிய ‘கிவா’ என்ற பள்ளித் திட்டம் இந்தப் பார்வையாளர்களையே குறிவைக்கிறது. சிரிக்கும் எமோஜி ஒன்று விழுந்தால் வதைப்பவனுக்கு அது கைதட்டல். ஒருவரும் எதிர்வினை காட்டாவிட்டால் ஸ்டிக்கர் அங்கேயே செத்துப்போகும். ஒரே ஒரு தோழி தனிச்செய்தியில் ‘நீ கவலைப்படாதே, நான் இருக்கேன்’ என்று எழுதினாலும், பாதிக்கப்பட்டவருக்கு எல்லோரும் எதிரி என்ற எண்ணம் உடைந்துவிடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. பிள்ளை வாய்திறந்த அந்த நிமிடம் போனைப் பிடுங்கக் கூடாது, ஏன் எதற்கு என்று விசாரிக்கவும் கூடாது. முழுவதும் கேட்க வேண்டும். அடுத்தது சான்று. கோபத்தில் உரையாடலை அழித்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அனுப்பியவரின் எண், கணக்குப் பெயர், நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைச் சான்று என்றுகூடப் பிறருக்கு அனுப்பக் கூடாது, அப்படி அனுப்புவதே குற்றமாகும். அதை அந்தப் போனிலேயே காவல்துறையிடம் காட்டினால் போதும். பிறகுதான் பிளாக், ரிப்போர்ட் எல்லாம்.

படத்தை இணையத்திலிருந்து எடுக்க உதவும் ஒரு நுட்பம் பலருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போன்ற ஓர் எண்வரிசையைக் கணினியால் உருவாக்க முடியும். அந்த எண்ணை வைத்துப் படத்தைத் திரும்ப வரைய முடியாது. ஆனால் அதே படம் எங்கே பதிவேறினாலும் அடையாளம் காண முடியும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்காக 2023-ல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இப்படித்தான் இயங்குகிறது. படம் பிள்ளையின் போனை விட்டு வெளியேறுவதில்லை. எண்வரிசை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகிறது. தன் படத்தை இன்னொரு அந்நியரிடம் காட்ட வேண்டுமே என்ற கூச்சத்தால் புகார் தராமல் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளும், அந்தரங்கப் படம் அல்லது மார்பிங் செய்த படம் குறித்து உரியவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்கும் பொறுப்பை நிறுவனங்கள்மீது சுமத்தின.

இணைய வதைக்கென்று தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் சிதம்பரத்தில் கொல்லப்பட்டதன் பின், 1997-லேயே ராகிங்கைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. பள்ளிப் பிள்ளைகளின் கைப்பேசி வதைக்கும் அப்படி ஒரு தெளிவு தேவைப்படுகிறது. இப்போதைக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் அடையாளத் திருட்டையும் ஆள்மாறாட்டத்தையும், 66ஈ சம்மதமின்றி அந்தரங்கப் படம் எடுப்பதையும் பரப்புவதையும், 67பி குழந்தைகளின் ஆபாசப் படங்களையும் தண்டிக்கின்றன. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு பெண்களை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவதையும் சேர்த்துக்கொள்கிறது. பாலியல் தன்மை இருந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் புகார் தரச் சொல்லும் அறிவுரை இன்னமும் காதில் விழுகிறது. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே அதை ரத்து செய்துவிட்டது.

இணையக் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாட்டு மருத்துவ உதவிக்கு 104 ஆகிய எண்கள் உள்ளன. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு விளையாட்டாகக்கூடப் பிள்ளையின் வாயில் வந்தால் கடைசி இரண்டில் ஒன்றை அன்றே அழைக்க வேண்டும். பிள்ளையைத் தனியே விடக் கூடாது. திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னையை ஒட்டிய பகுதிகள் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழும், மற்ற பகுதிகள் மாவட்டக் காவல்துறையின் கீழும் வருகின்றன. எது யார் எல்லை என்று தெரியாமல் அலைய வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் முதலில் புகாரைப் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றச் சட்டம் இடம் தருகிறது. நேரில் சொல்லத் தயங்கும் மாணவருக்கு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. அதைத் தவறாமல் திறந்து படிக்கும் தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில் வதை வீதிக்கும் காவல் நிலையத்துக்கும் போகும் முன்பே பிடிபடும்.

வதைத்தவனும் பதினெட்டு வயதுக்குட்பட்டவனாக இருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனைக்கு உட்படுத்துவது, சமூக சேவை செய்ய வைப்பது ஆகியவை குழுமம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளில் அடங்கும். பெற்றோரும் அழைக்கப்படுவார்கள். ஸ்டிக்கரைச் செய்தவன் முதல்முறையாக அந்த அறையில்தான், தான் ஒட்டிய முகத்துக்குப் பின்னால் தூக்கம் தொலைத்த ஒருத்தி இருந்ததைக் கேட்க நேரிடுகிறது.